கிறிஸ்தவப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்த பிறகு வீட்டில் சண்டை வருகிறது, விட்டுவிடட்டுமா?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். எனக்குக் கல்யாணமாகி 11 வருஷம் ஆகிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கொஞ்ச காலமாக விசுவாசத்தில் ரொம்பச் சோர்ந்துபோயிருந்தேன். அதைப் பார்த்து சபையில் ஒரு சகோதரி, குடும்ப வாழ்க்கையைப் பற்றிய ஒரு கிறிஸ்தவப் புத்தகம் கொடுத்தார்கள். வாசிக்க வாசிக்க ஆறுதலாக இருந்தது. அப்புறம் நானே ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தேன். இப்போது பாதி வாசித்தது, கால்வாசி வாசித்தது என்று ஆறேழு கிடக்கிறது. வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, மூடி வைத்ததும் என் வீடு மட்டும் ஏன் இப்படி இல்லை என்று அழுகை வருகிறது. கணவர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார், ஆனால் வாசிக்கிற பழக்கம் இல்லை. கணவனின் கடமைகள் என்ற அதிகாரத்தில் சில வரிகளை அடிக்கோடிட்டு, புத்தகத்தை அவர் தலையணைமேல் வைத்தேன். ஒன்றும் பேசாமல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள், “உன் புத்தகத்தில் வருகிற ஆளாக என்னால் ஆக முடியாது” என்றார். நாலைந்து நாள் பேச்சு இல்லை. பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்தாலும் நெளிகிறார்கள். இப்போது சில வாரமாக எதை வாசித்தாலும் மனதில் ஏறவில்லை, விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நான் எந்தப் புத்தகம் வாசிக்கவேண்டும்? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா? பெயர் போடவேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

வாசிப்பதை விடவேண்டாம். வாசிக்கிற விதத்தை மாற்றினால் போதும், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் முதலில், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, 3 மணிக்கே விழிப்பு, எதுவும் மனதில் ஏறவில்லை என்று, அதைப் பேசிவிடுவோம். நீங்கள் அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் நல்ல புத்தகமாகத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்ப ஆலோசகராக வேலை செய்கிற எனக்கு அதைக் கேட்டதும் வேறு கேள்விதான் வருகிறது. சீக்கிரமே தூக்கம் கலைவது, கவனம் நிற்காமல் போவது, பிடித்த காரியங்களில் பிடிப்பு விட்டுப்போவது, மனம் கனத்தே கிடப்பது, இவையெல்லாம் சேர்ந்து 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயா என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்களும் இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதனால் தயவுசெய்து இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

டாக்டரிடம் போவது ஜெபத்தை விட்டுவிடுவது ஆகாது. வேதாகமத்தில் வருகிற தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன அந்த மனுஷனுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டவனை இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது 40 நாள் நடந்த பிறகுதான். முதலில் தூக்கமும் சாப்பாடும், பேச்செல்லாம் அதற்கு அப்புறம் என்ற அந்த வரிசை உங்களுக்கும் பொருந்தும். அதுவரைக்கும் 3 மணிக்கு விழித்தால் குடும்பத்தைப் பற்றிய புத்தகத்தைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த வரியும் உங்களைக் குற்றம் சொல்வதுபோலத்தான் படும்.

சரி, தலையணைக்கு வருவோம்.

ஆலோசனைக்கு வருகிற தம்பதிகள் சில நேரம் புத்தகத்தையும் கையோடு கொண்டுவருவார்கள். வாங்கிப் புரட்டிப் பார்த்தால், யார் வாசித்தது என்று கேட்கவே தேவையில்லை. மனைவி வாசித்திருந்தால் கணவனைப் பற்றிய அதிகாரம் முழுக்கக் கோடு, ஓரத்தில் நட்சத்திரம், சில இடத்தில் கணவரின் பெயரே எழுதியிருக்கும். மனைவியைப் பற்றிய அதிகாரம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி புதுசாக இருக்கும். கணவன் வாசித்திருந்தால் நேர்மாறாக, கீழ்ப்படிதல் என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பேனா ஓடியிருக்கும். இரண்டு பேருமே கடவுளைத் தேடித்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாசிக்கும்போது எங்கோ ஓரிடத்தில், இது எனக்கு என்பது போய் இது அவருக்கு என்று ஆகிவிடுகிறது. அந்த இடத்திலேயே ஊக்கமும் நின்றுவிடுகிறது. அடுத்தவருக்கு எழுதிய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் பார்த்தாலும் நம் காய்ச்சல் இறங்காதே.

எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருதரம் திறந்து பாருங்கள். அந்த நிருபம் சபையில் எல்லோரும் கேட்க வாசிக்கப்பட்டது. கணவன், மனைவி, பிள்ளைகள், எஜமான், வேலைக்காரன் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். ஆனாலும் பவுல் மனைவிகளைக் கூப்பிட்டு மனைவிகளிடம் பேசுகிறார், புருஷர்களைக் கூப்பிட்டு புருஷர்களிடம் பேசுகிறார். உங்கள் புருஷன் உங்களிடத்தில் அன்புகூருகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவிகளிடம் அவர் சொல்லவில்லை, உங்கள் மனைவியைக் கீழ்ப்படிய வையுங்கள் என்று புருஷரிடமும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் முன்னால் 21-ஆம் வசனத்தில், “தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்று இருவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அடுத்தவருக்கான வசனத்தை நாம் காதால் கேட்கிறோம், அவ்வளவுதான். அதை நிறைவேற்றவைக்கிற வேலை நம்மிடம் கொடுக்கப்படவில்லை.

(இங்கே இன்னொரு வீட்டுக்காக ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து செய்கிற கொடுமை இருக்கிற வீட்டில் ஒரு பெண் இதை வாசித்தால், நான் சொல்வது உங்களுக்கு வேறு: பொறுத்துக்கொள் என்று சொல்கிற எந்தப் புத்தகத்தையும் மூடிவிடுங்கள், முதலில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் பாருங்கள், நம்பகமான ஒருவரிடம் நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள். அடிவாங்குவதை வேதாகமம் எங்கேயும் மனைவியின் கடமையாக்கவில்லை.)

கணவர் எப்போதுதான் வாசிப்பார், நான் ஒன்றுமே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை 1600 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தாய் கேட்டிருக்கிறார், பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் அம்மா மோனிக்கா. மகன் அப்போது மனிக்கேயர் என்ற வேறொரு மதக் கூட்டத்தோடு போய்விட்டான். அவனோடு பேசி அவன் தப்பைப் புரியவையுங்கள் என்று ஒரு ஆயரிடம் போய் அழுகிறார். அந்த ஆயரோ மறுத்துவிடுகிறார். அவன் இப்போது எதையும் கேட்கிற நிலையில் இல்லை, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காகக் கர்த்தரிடம் மட்டும் ஜெபியுங்கள், வாசித்து அவனே தெரிந்துகொள்வான் என்கிறார். சின்ன வயதில் அதே கூட்டத்தில் வளர்ந்தவர்தான் அந்த ஆயரும், அவர்கள் புத்தகங்களை வாசித்து வாசித்துத்தான் அது சரியில்லை என்று கண்டுபிடித்தாராம். மோனிக்காவுக்கு மனம் ஆறவில்லை, இன்னும் அழுது கெஞ்சுகிறார். கடைசியில் அவர் கொஞ்சம் பொறுமை இழந்தே, போங்கள், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போவது நடக்காத காரியம் என்று அனுப்பிவிடுகிறார். பல வருஷம் கழித்து, 386-ல், மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில், ரோமர் நிருபத்தை அகுஸ்தீன் தானாகவே கையில் எடுத்தார். அம்மா கொண்டுவந்து வைக்கவில்லை. இதையெல்லாம் அகுஸ்தீனே தன் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிட்டு எழுதிய புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். தன் அம்மா தன்னை எவ்வளவு வற்புறுத்தினாள் என்பதைவிட, எவ்வளவு ஜெபித்தாள் என்பதுதான் அந்த மகன் மனதில் நின்றிருக்கிறது.

இன்னொரு வீட்டையும் சொல்கிறேன், இது உங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கம். மோட்சப் பிரயாணம் என்ற கதைப் புத்தகத்தை எழுதிய ஜான் பனியன் ஓட்டைப் பாத்திரங்களைச் சரிபண்ணிக் கொடுக்கிற தொழிலாளி. கல்யாணமானபோது அவர்கள் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லை என்று அவரே எழுதுகிறார். மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது அவளுடைய அப்பா இறக்கும்போது விட்டுப்போன இரண்டு பக்திப் புத்தகங்கள் மட்டும். அவற்றை இருவரும் சில சமயம் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். பனியன் உடனே மாறினாரா? இல்லை. அந்தப் புத்தகங்களில் சில காரியங்கள் பிடித்திருந்தன, நல்லவனாகவேண்டும் என்ற ஆசை கொஞ்சம் வந்தது, ஆனால் இருதயத்தைத் தொடவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். அவரை உலுக்கினது வேறொன்று. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒருநாள் வேலைக்குப் போன தெருவில், வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து மூன்று நான்கு ஏழைப் பெண்கள் தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு யாரும் எதுவும் போதிக்கவில்லை, அவர்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் சந்தோஷத்தோடு பேசின விதம் அவருக்குள் போய்விட்டது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சைத் தேடித் தேடிப் போக ஆரம்பித்தார்.

உங்கள் கணவர் உங்களிடம் இதுவரைக்கும் பார்த்தது என்ன? புத்தகத்தை மூடியதும் வருகிற அழுகை, அப்புறம் தலையணைமேல் அடிக்கோடு. இந்தப் புத்தகங்களைப் பார்த்தாலே அவருக்குப் பயமாக இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள், “உன் புத்தகத்தில் வருகிற ஆளாக என்னால் ஆக முடியாது.” எனக்கு அதில் கோபத்தைவிட வருத்தம்தான் கேட்கிறது. நான் இருக்கிறபடி உனக்குப் போதவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

மூடியதும் ஏன் அழுகை வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு, அது முழுக்க உங்கள் தப்பு அல்ல. குடும்பத்தைப் பற்றிய புத்தகங்களில் ஒரு வகை இருக்கிறது, எல்லாவற்றையும் சூத்திரம் மாதிரி எழுதிவிடும். இத்தனை நாள் இதைச் செய்தால் கணவன் மாறுவான், இப்படி ஜெபித்தால் பிள்ளை கீழ்ப்படிவான் என்று. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், ஆனால் வேதாகமத்திலேயே அப்படிச் சூத்திரத்துக்குள் அடங்கின குடும்பம் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஆபிரகாம் வீட்டிலும் சண்டை, ஈசாக்கு வீட்டில் அப்பாவுக்கு ஒரு பிள்ளை அம்மாவுக்கு ஒரு பிள்ளை, யாக்கோபு வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் புத்தகம் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது, எழுதியவர் தன் வீட்டில் சரியாக வராத ஏதாவது ஒன்றைப் பற்றி மனதாரச் சொல்லியிருக்கிறாரா என்பதைத்தான். எல்லா ஜெபத்துக்கும் மூன்றாம் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடுகிற புத்தகத்தைச் சோர்ந்திருக்கிற ஒருவர் கையில் நான் கொடுக்கமாட்டேன். வசனத்தை அரைகுறையாக வெட்டிப் போட்டிருந்தால், வேதாகமத்தைத் திறந்து முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் பேசினதையே அப்படித் தினமும் வேதவாக்கியங்களில் பார்த்துத்தானே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று, ஊக்கம் தருகிற புத்தகம் என்றால் சந்தோஷமாகவே இருக்கவேண்டும் என்று நாமே முடிவுபண்ணிவிடுகிறோம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிற மாதிரி என்று நீதிமொழிகள் 25-ல் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவது பெரும்பாலும் தன்னைப்போலவே துக்கப்பட்ட ஒருவருடைய எழுத்துதான். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-லேயே, துன்பம் ஏன் வருகிறது என்று விளக்கி ஒரு புத்தகம் எழுதியவர். ஆனால் 1960-ல் மனைவி இறந்த பிறகு அவர் எழுதினது விளக்கமே அல்ல, கடவுள் கதவைச் சாத்திக்கொண்டாரா என்று கேட்கிற ஒரு மனுஷனின் குறிப்புகள். 1961-ல் வேறு பெயர் போட்டுத்தான் வெளியிட்டார். துணையை இழந்தவர்கள் முதலாவதைவிட இதைத்தான் நெஞ்சோடு வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போவானேன், சங்கீதப் புத்தகத்திலேயே இருக்கிறது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது, 88-ஆம் சங்கீதமோ கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதாகமம் வைத்திருக்கிறது. 3 மணிக்கு விழிக்கிற உங்களுக்கு என் முதல் சிபாரிசு இந்த இரண்டும்தான்.

அப்புறம் எந்தப் புத்தகம் என்று கேட்டீர்கள். அந்த ஆறேழையும் இப்போதைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், பாதியில் விட்டதற்காக வருத்தப்படவேண்டாம். ஒன்றே ஒன்று போதும். உங்களுக்கு நான் சொல்வது சகோதரர் லாரன்ஸின் சிறிய புத்தகம், ஆங்கிலத்தில் The Practice of the Presence of God என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஒரு மடத்தின் சமையலறையில் வேலை பார்த்தவர், 1691-ல் இறந்துபோனார். அவருடைய கடிதங்களையும், அவரோடு நடந்த உரையாடல்களையும் பிறகு சேர்த்துப் போட்டார்கள். பாத்திரங்களுக்கும் சத்தத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு கடவுளோடு எப்படிப் பேசிக்கொண்டிருப்பது என்பதுதான் அதில் இருக்கிற ஒரே விஷயம். கணவன் இப்படி, மனைவி அப்படி என்று ஒரு வரிகூடக் கிடையாது, இப்போது உங்களுக்கு அதுவே நல்லது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் போதும். பேனா வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்களைத் தொட்ட வரிக்கு மட்டும் கோடு போடுங்கள். வேறு யாராவது ஞாபகத்துக்கு வந்தால் கோடு போடாமல், அவர்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். கொஞ்ச நாள் இப்படிச் செய்து பார்த்தால், வாசித்து முடித்து எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்கிறவர்களிடம் போகத் தோன்றுகிறதா, அவர்களை விட்டு விலகத் தோன்றுகிறதா என்பது உங்களுக்கே தெரியும். எந்தப் புத்தகம் உங்களுக்கு ஆகும், எது ஆகாது என்று நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

தனியாகவே வாசித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று பிலிப்புவை ஏறி உட்காரச் சொன்னான். முதல் புத்தகத்தைக் கொடுத்த அந்தச் சகோதரி இருக்கிறார்களே, அவர்களிடம் வாரத்துக்கு ஒருதரம் வாசித்ததைப் பேசுங்கள். புத்தகத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது, அவர்களால் முடியும்.

பிள்ளைகள் நெளிவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 6 வயதுப் பையன் குடும்ப ஜெபத்தில் நெளியாமல் உட்கார்ந்தால்தான் நான் யோசிப்பேன். அவர்களுக்குப் போதனைப் புத்தகம் வேண்டாம், கதை வேண்டும். மோட்சப் பிரயாணத்தைக் குழந்தைகளுக்குச் சுருக்கி எழுதினது கிடைத்தால் அதை எடுங்கள். 1678-ல் வந்த முதல் பாகத்தில் கதாநாயகன் கிறிஸ்தியான் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓடுகிறான். 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவன் மனைவியும் நான்கு பிள்ளைகளும் கிளம்புகிறார்கள், பாதுகாக்கக் கூடவே ஒருவர் வருகிறார், பிள்ளை வழியில் கனியைத் தின்று வயிற்றுவலியில் துடிக்கிறான், களைத்தவர்களுக்காக எல்லோரும் நின்று நின்று போகிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பாகத்தை நான் ரொம்ப விரும்புவேன். படுக்கப்போகும்போது 10 நிமிஷம், குரலை மாற்றி மாற்றி வாசியுங்கள், சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். முடித்ததும் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தாலே பிள்ளைக்குக் கதை கசந்துவிடும். அவர்களாகக் கேட்டால் பேசுங்கள், அது மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியிலேகூட வரலாம். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்றுதானே உபாகமம் 6-ல் இருக்கிறது. மகளுக்கு 9 வயது என்கிறீர்கள், ஒரு நாள் அவளையே தம்பிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பா பக்கத்து அறையில் இருந்தால் கதவு திறந்தே இருக்கட்டும், ஆனால் வந்து உட்காருங்கள் என்று கூப்பிடவேண்டாம். அவராக வந்தால் வரட்டும், அவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

கணவரிடம் மட்டும் ஒன்று பேசிவிடுங்கள், அது நாள் தள்ளவேண்டிய காரியம் அல்ல. பிள்ளைகள் தூங்கின பிறகு, புத்தகம் எதுவும் கையில் இல்லாமல், “அன்றைக்கு உங்கள் தலையணைமேல் வைத்தது என் தப்பு, உங்களைத் திருத்தவேண்டும் என்று வைத்துவிட்டேன், உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள், ஆனால் நீங்களும் கொஞ்சம் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, தூக்கம் வராததையும் மனம் கனமாக இருப்பதையும் சொல்லி, டாக்டரிடம் போக என்னோடு வருகிறீர்களா என்று கேளுங்கள். அந்த ஆறேழு புத்தகமும் சேர்ந்து அவரிடம் கேட்டதைவிட அவரால் செய்ய முடிந்த காரியம் இது. வந்தால் நல்லது. வரவில்லை என்றால் அந்தச் சகோதரியைக் கூட்டிக்கொண்டாவது போய்வாருங்கள், போய்விட்டு வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.